இந்தப் பிள்ளை எந்த ரகம்?

ஜூனில் பள்ளி திறந்த கையோடு ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வித்தாள் சுற்ற ஆரம்பித்துவிடும். பிள்ளைகளை நிரப்ப வைத்தால் யார் பார்த்துப் படிப்பவர், யார் கேட்டுப் படிப்பவர், யார் வாசித்து எழுதிப் படிப்பவர், யார் செய்து படிப்பவர் என்று அவரவர் 'கற்றல் பாணி'ப்படி பிரித்துவிடலாமாம். பெரும்பாலும் இது நியூசிலாந்துக்காரர் நீல் ஃப்ளெமிங் 1987-ல் உருவாக்கிய 'வார்க்' கேள்வித்தாளின் ஏதோ ஒரு நகல்தான்.

அதில் 16 கேள்விகள். ஒன்று, வழி கேட்பவருக்கு எப்படி உதவுவீர்கள் என்பது. கூடவே போவேன் என்றால் 'செய்து படிப்பவர்' கணக்கில் சேரும். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் கூடவே நடந்துபோய் வீட்டைக் காட்டிவிட்டுத்தான் வரும், அது வளர்ப்பு, அதற்கும் அறிவியல் பாடம் புரிவதற்கும் என்ன சம்பந்தம்?

பிள்ளைகளுக்கு விருப்பம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விருப்பத்துக்கேற்ப நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. 2008-ல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் இதைத் தேடிப் பார்த்து, போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2004-ல், பிரிட்டனில் ஓர் ஆய்வுக்குழு இப்படிப்பட்ட கற்றல் பாணி மாதிரிகளைத் தேடியதில் 71 கிடைத்தன! ஃப்ளெமிங்கே தன் கேள்வித்தாளை மாணவர் தன்னைப் பற்றி யோசிக்க ஒரு தூண்டுதல் என்றுதான் முன்வைத்தார், நாம்தான் அதை ஜாதகம் ஆக்கிவிட்டோம்.

சரி, அப்போது எதை வைத்துப் பிள்ளையைத் தெரிந்துகொள்வது? எனக்கு முதலில் அடிப்படை மதிப்பீடு, அதாவது பாடம் தொடங்கும் முன் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்ப்பது. 2022-ல் தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது பிள்ளை எட்டியிருக்கும் கற்றல் நிலையை வைத்து. அரும்பில் இருப்பவள் மொட்டுக்குப் போகலாம். 'கேட்டுப் படிப்பவள்' என்று முத்திரை குத்தப்பட்டவள் எங்கே போவாள்?

ஆறாம் வகுப்பில் பின்னம் ஆரம்பிக்கும் முன், மூன்றில் ஒரு பங்கு பெரிதா நான்கில் ஒரு பங்கு பெரிதா என்ற ஒரே கேள்வியை எண்ணாக எழுதிப் போட்டு, படமாகப் போட்டு, அப்புறம் கடலை மிட்டாயைப் பிட்டுக் கையில் கொடுத்தும் கேட்டுப் பாருங்கள். மிட்டாயில் சரியாகச் சொல்லும் பிள்ளை எண்ணில் தவறினால், நான்கு மூன்றைவிடப் பெரிதுதானே என்ற நினைப்பு எண்ணைப் பார்த்ததும் முந்திக்கொள்கிறது. அந்தப் பிள்ளைக்கு மிட்டாயையே நீட்டிக்கொண்டிருந்தால் போதாது, அங்கிருந்து எண்ணுக்குக் கூட்டிவர வேண்டும். பாணிக் கணக்கோ மிட்டாயோடு நிறுத்தச் சொல்லும்.

விருப்பத்தையும் கேட்கலாம், சாதாரணக் கேள்விகளாக. கரும்பலகை தெரிகிறதா? தனியாகச் செய்யப் பிடிக்குமா, கூட்டாளியோடா? சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பாய்? சத்தமாக வாசிக்கச் சொன்னால் பயமா? கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளை காதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கும், அதைப் போய்க் 'கேட்டுப் படிக்கும் பாணி' என்று குறித்துவைத்தால் கண்ணாடி எப்போது வாங்குவது?

மேல்நிலை மாணவர்களிடம் 'வார்க்' கொடுத்தே ஆகவேண்டும் என்றால் மாதத் தேர்வு விடைத்தாளைத் திருப்பித் தரும் அன்று கொடுங்கள். எப்படிப் படித்தாய், திரும்பத் திரும்ப வாசித்தாயா, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தாயா என்று பேச ஒரு சாக்காக இருக்கும். மதிப்பெண் பதிவேட்டில் மட்டும் அதற்கு ஒரு கட்டம் போட வேண்டாம்.