ஜேம்ஸ் ரூஸுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்

சிட்னியில் இரண்டு தமிழ்ப் பெற்றோர் சந்தித்தால் மூன்றாவது நிமிஷத்தில் 'ஜேம்ஸ் ரூஸ்' வந்துவிடும். கார்லிங்ஃபோர்டில் இருக்கிற அரசு விவசாய உயர்நிலைப் பள்ளி அது. தேர்வு எழுதித்தான் இடம் பிடிக்க முடியும். ஒரு சனிக்கிழமை ட்யூஷனுக்குப் போகும் வழியில் மகள் கேட்டாள்: "ரூஸ்ங்கிறது யாருப்பா?" விவசாயி என்றேன். "அப்புறம்?" அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. ட்யூஷன் முடியும்வரை காரில் உட்கார்ந்து செல்போனில் தேட ஆரம்பித்தேன். ஐந்து மாதமாகிறது, இன்னும் விட்டபாடில்லை.

முதல் நாளே கிடைத்தது வழக்கு விவரம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் லான்செஸ்டன் ஊர்க்காரர். 1782-ல் பாட்மின் நீதிமன்றத்தில் இரண்டு வெள்ளிக் கடிகாரங்களைத் திருடியதாகத் தீர்ப்பு. மரண தண்டனை, பிறகு அது 7 ஆண்டு நாடுகடத்தலாகக் குறைந்தது. பிளிமத்தில் கைதிகளை அடைத்து வைத்த பழைய கப்பலில் சில வருஷம். 1788 ஜனவரியில், கைதிகளைக் கொண்டுவந்து இங்கே பிரிட்டிஷ் காலனியை ஆரம்பித்த முதல் கப்பல் தொகுதியின் 'ஸ்கார்பரோ'வில் இங்கே வந்து இறங்கினார். மகளிடம் சொன்னேன். "வாட்ச் திருடினவர் பேர்லயா ஸ்கூல்?" என்று அன்று முழுக்கச் சிரித்தாள்.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். வம்ச மரம் போடுகிற ஒரு தளத்தில் யாரோ ஒருவர் தயாராக வைத்திருந்த மரத்தை அப்படியே என் கணக்கில் ஏற்றிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் என் ரூஸ் ரவுஸ் ஹில்லில் பெரிய மாளிகை கட்டிக்கொண்டிருக்கிறார்! அது ரிச்சர்ட் ரவுஸ். 1801-ல் சுதந்திரக் குடியேறியாக வந்த வேறு ஆள். அந்தக் கால எழுத்தர்கள் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியதால் இரண்டு பேரின் வாழ்க்கையும் யாரோ ஒருவர் கையில் ஒன்றாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு நோட்டும் பென்சிலுமாக மறுபடி ஆரம்பித்தேன். இனி மூல ஆவணத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு தேதியும் பேனாவுக்கு மாறாது.

பழைய செய்தித்தாள்களுக்கு 'ட்ரோவ்' இருக்கிறது. தேசிய நூலகத்தின் இலவசச் சேவை. 1803-ல் தொடங்கிய 'சிட்னி கெசட்' முதல் இதழிலிருந்தே உண்டு. ஆனால் ரூஸ் என்று போட்டால் வந்து கொட்டுவது வேறு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தந்திரம், சூழ்ச்சி என்று பொருள். ஐரோப்பாவில் எந்தத் தளபதி எவனை ஏமாற்றினான் என்ற கதையெல்லாம் படித்தேன். ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடிய பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆளைப் பிடித்தேன். லோயர் மின்டோவில் இன்னொருவர் நிலத்துக்கு மேற்பார்வையாளர். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குறியீடு: 'சிஎஃப்' என்றால் சுதந்திரமாக வந்தவர், 'எஃப்எஸ்' என்றால் தண்டனைக் காலம் முடிந்தவர், 'பிசி' என்றால் காலனியிலேயே பிறந்தவர். பிசி என்று கண்டதும் என் புத்தி ஒரு கணம் சாதிச் சான்றிதழுக்குப் போய் வந்தது.

இதில் என்னை உட்கார வைத்தது ஒரு விஷயம். தண்டனை 1782-ல் தொடங்கியது என்றால் 1789-ல் முடிந்திருக்க வேண்டும். அவரும் அப்படித்தான் ஆளுநர் ஃபிலிப்பிடம் போய்ச் சொன்னார். ஆனால் கைதிகளின் தண்டனைக் காகிதங்கள் கப்பலில் வரவில்லை, இங்கிலாந்திலேயே தங்கிவிட்டன. சொல்வது உண்மையா என்று பார்க்க ஃபிலிப்பிடம் எதுவும் இல்லை. அந்த நிலையிலும் 1789 நவம்பரில், இன்றைய பரமட்டாவில், ஒன்றரை ஏக்கர் திருத்திய நிலமும் ஒரு குடிசையும் கொடுத்து, தனியாளாகப் பிழைக்க முடிகிறதா பார்க்கலாம் என்று விட்டார். பரிசோதனைப் பண்ணை என்ற பெயர் அதனால்தான். 1791-ல் 30 ஏக்கர் அவர் பெயருக்கு வந்தது. காலனியின் முதல் பட்டா என்று சொல்லலாம்.

பண்ணையம் எப்படி என்பதை, 1790 நவம்பரில் அங்கே போன கடற்படைக் காவல் அதிகாரி வாட்கின் டென்ச் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். மரங்களைச் சுட்டுச் சாம்பலை மண்ணோடு கொத்திக் கலப்பது, ஏர் கிடையாது, மண்வெட்டிதான். கட்டியை உடைத்து, புல்லையும் களையையும் மண்ணுக்குள் புதைத்து, வெயிலிலும் காற்றிலும் ஆறப்போட்டு, விதைக்கும் முன் மறுபடி புரட்டுவது. புழுதியைக் காயவிடுவது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன. அந்தப் பக்கத்தை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் தமிழில் சொல்லி அனுப்பினேன். "ஆளு கெட்டிக்காரன்" என்று பதில் வந்தது.

ஆளைத் தேடி அலுத்தபோது நிலத்தைப் பிடித்தேன். ஊரில் இடம் வாங்கும் முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அதேதான். 1793-ல் ரூஸ் அந்த 30 ஏக்கரை ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவருக்கு 40 பவுனுக்கு விற்றுவிட்டு, 1794-ல் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக்குப் போன முதல் 22 பேரில் ஒருவரானார். அந்த ஹாரிஸின் பெயரில்தான் ஹாரிஸ் பார்க். ஆமாம், நாம் தோசைக்கும் மளிகைக்கும் போகிற அதே ஹாரிஸ் பார்க்! விக்ரம் தெருவில் காபி குடித்துவிட்டுப் பொடிநடையாகப் போனால் ரூஸ் தெரு. அந்தப் பண்ணை நிலத்தில் நிற்கிற தாழ்வாரம் வைத்த வீடு 1830-களில் எழும்பியது. ரூஸ் அதில் ஒருநாள்கூட இருந்ததில்லை. பல வருஷம் அதைத் தாண்டித்தான் கொத்தமல்லி வாங்கப் போயிருக்கிறேன்.

1789-க்கு முன்னால் வில்லங்கத்தில் பதிவு இல்லை. ஆனால் அங்கே ஆட்கள் இருந்தார்கள்: பூர்வகுடிகளான தாருக் மக்களில் பர்ரமட்டகல் குலத்தார். பரமட்டா என்ற ஊர்ப் பெயரே அவர்களுடையது, விலாங்கு மீன் இருக்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். வில்லங்கம் தேடப் போய் விலாங்கில் வந்து நின்றது.

போன மாதம் கேம்பல்டவுன் கத்தோலிக்கக் கல்லறைக்குப் போனோம். ரூஸின் கல்லறைக் கல்லாக அங்கே இருப்பது நகல். அசல் கல்லைப் பாதுகாப்புக்காக எடுத்து வைத்துவிட்டார்கள். எழுத்தெல்லாம் பிழை. 'ஃபர்ஸ்ட்' அங்கே 'ஃபோர்ஸ்ட்', 'நேட்டிவ்' அங்கே 'நேட்டெஃப்'. வாசகத்தை அவரே செதுக்கியதாகச் சொல்வார்கள். அம்மா அன்போடு வளர்த்தாள், என்னால் பட்ட பாடு அதிகம், இந்தக் காலனிக்கு வந்து முதல் தானியத்தை விதைத்தது நான் என்கிறது கல். ஆனால் ஹென்றி டாட் மேற்பார்த்த அரசுப் பண்ணை 1789 கடைசியிலேயே அறுவடை கண்டுவிட்டது. தன் பொறுப்பில் விதைத்த முதல் ஆள் என்றால் சரி. கல்லில் போய்த் திருத்தவா முடியும்.

இறந்த தேதி 1837 செப்டம்பர் 5. நோட்டைப் புரட்டினால் கல்யாணத் தேதியும் செப்டம்பர் 5, 1790. நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன். இரண்டும் சரி, 47 வருஷ இடைவெளி.

மனைவி எலிசபெத் பெர்ரியும் கைதிதான், 1790-ல் 'லேடி ஜூலியானா'வில் வந்தவர். அவருக்கு நோட்டில் ஒன்றரைப் பக்கம்கூட நிறையவில்லை. கைதியாக இருக்கும்வரைதான் அரசாங்கம் ஒருவரை எண்ணிக்கொண்டே இருக்கிறது போல. அதற்குப் பிறகு நிலமோ கடனோ இருந்தால்தான் பெயர் வருகிறது, அதுவும் புருஷன் பெயர்.

இந்தச் சூட்டில் என் குடும்பத்து வம்ச மரத்தையும் ஆரம்பித்து, பாட்டியின் அம்மா பெயர் என்ன என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். "எல்லாரும் மேட்டுவீட்டம்மான்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள். பழைய பத்திரம் ஏதாவது பரணில் இருக்கிறதா பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த விடுமுறை நாளில் கிங்ஸ்வுட் ஆவணக் காப்பகம். எலிசபெத்துக்காகப் புது நோட்டு ஒன்று வாங்கியாயிற்று.