பிளெண்டிங் பிரஷை ஸ்கேல் வைத்து அளந்தேன்

நேற்று ராத்திரி இடது கண் மேக்கப் சரியாக வந்துவிட்டது. மூன்று மாதமாக வெளிமூலையில் திட்டாக உட்கார்ந்துகொண்டு நகரவே மாட்டேன் என்றிருந்த கத்தரிப்பூ நிறம், கண் மடிப்புக்கு மேலே புகை மாதிரி ஏறி, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் தோலோடு கலந்துவிட்டது. சார்ஜ் விளக்கில் பார்த்தேன். கரண்ட் வந்ததும் டியூப்லைட்டில் பார்த்தேன். நம்பிக்கை வராமல் காலையில் ஜன்னல் ஓரமாக நின்று இன்னொரு முறை போட்டேன். மூன்றிலும் ஓரம் தெரியவில்லை!

சித்தி மகளுக்கு ஆவணியில் கல்யாணம், ரங்கூன் அனோரத்தா சாலை காளியம்மன் கோயிலில். சாயங்கால வரவேற்புக்குக் கத்தரிப்பூ நிறப் பட்டு எடுத்திருக்கிறாள். "அக்கா, கண்ணை நீதான் போட்டு விடணும், பார்லர்ல எல்லாருக்கும் ஒரே கண்ணைப் போட்டு அனுப்புறாங்க" என்று சித்திரையிலேயே சொல்லிவிட்டாள். இமை நடுவில் மினுங்கும் தங்க ஷிம்மர், வெளிமூலையில் பளபளப்பில்லாத கத்தரிப்பூ மேட் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். தங்கத்தைப் பற்றிக் கவலையே இல்லை, மோதிர விரலால் ஒற்றினாலே பளிச்சென்று உட்காரும். என்னைப் படுத்தியது அந்த மேட்தான்.

முதல் ஒரு மாதம் ஐஷேடோ பவுடரைத்தான் சந்தேகப்பட்டேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று பேலட் (பல நிறப் பவுடர் அடுக்கிய டப்பா) வாங்கினேன். மூன்றிலும் அதே கதைதான். பிரஷை வைத்த இடத்தில் கருப்பாக ஒரு வட்டம், தேய்த்தால் வட்டம் அப்படியே இருக்க, அதைச் சுற்றி அழுக்கு மாதிரி ஒரு வளையம். இன்னும் தேய்த்தால் நிறம் புருவம் வரைக்கும் ஏறி, அடி வாங்கிய கண் போல ஆகிவிடும். ஒருநாள் அலுத்துப்போய் அதே பவுடரைச் சுண்டுவிரலால் தொட்டு மடிப்பில் இழுத்தேன். திட்டு இல்லாமல் வந்தது. அப்போதுதான் கோளாறு பிரஷில் இருக்கிறது என்று புத்தியில் பட்டது.

என்னிடம் இருந்தது பன்னிரண்டு பிரஷ் கொண்ட செட். மிங்கலா ஜே சந்தையில் மொத்த விலைக்கு வாங்கியது. இந்தச் செட்டுகள் மேல் எனக்குத் தீராத கோபம். கண்ணுக்கு என்று போட்டிருக்கும் எட்டில் ஐந்து ஒரே பிரஷ்தான், காம்பில் அச்சடித்த பெயர் மட்டும் வேறு. வேலைக்கு ஆவது தட்டையான ஒன்றும் கூரான ஒன்றும். மீதியைத் தூசி தட்டத்தான் வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் உறையில் ஒட்டி விற்பதால் தொட்டும் பார்க்க முடியாது. பிரஷைத் தொடாமல் வாங்குவது, முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்காமல் வாங்குவது போலத்தான்.

இனி அளவுக்கு வருகிறேன். பிளெண்டிங் பிரஷின், அதாவது நிறத்தின் ஓரத்தைக் கரைக்கும் பிரஷின், தலை எவ்வளவு அகலம் என்று எல்லோரும் கேட்கிறோம், கடையிலும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கண்ணில் வேலை செய்வது சும்மா நிற்கும் தலை இல்லை, தோலில் பட்டு விரிந்த தலை. செட்டில் இருந்த பிரஷைப் பவுடரில் தொட்டு, தட்டி உதறி, மடிப்பில் அழுத்துகிற அதே அழுத்தத்தில் வெள்ளைத்தாளில் ஒரு முறை நேராக ஒற்றினேன். பிள்ளைகளின் ஸ்கேலை எடுத்து அளந்தால், சும்மா இருக்கும்போது 12 மில்லிமீட்டர் இருந்த தலை 21 மில்லிமீட்டருக்குத் தடம் பதித்திருந்தது. கண்ணாடி முன்னால் கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தபடி, மடிப்பிலிருந்து நிறம் நிற்க வேண்டிய புருவ எலும்பு வரைக்கும் அளந்தேன். 14 மில்லிமீட்டர். 14 மில்லிமீட்டர் இடத்தில் 21 மில்லிமீட்டர் பிரஷை வைத்து மூன்று மாதம் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்!

தடத்தின் அகலத்தைவிட அதன் ஓரம் இன்னும் நிறையச் சொன்னது. செட் பிரஷின் தடம் காசு மாதிரி இருந்தது. நடுவிலும் ஓரத்திலும் ஒரே அடர்த்தி, ஓரம் வெட்டியது போல. முடியை நெருக்கமாக அடைத்து, தலையை மொட்டையாகக் கத்தரித்த பிரஷ் அப்படித்தான் பதியும். அதை வைத்துக் கரைக்கப் பார்த்தால் ஒவ்வொரு இழுப்பிலும் புதிதாக ஓர் ஓரம் உண்டாகும். நல்ல பிளெண்டிங் பிரஷின் தடம் அப்படி இல்லை. நடுவில் அடர்ந்து, வெளியே போகப் போக மங்கி, ஓரமே இல்லாமல் போகும். பிரஷே பாதி கரைத்துத் தருகிறது, கை மீதியைச் செய்தால் போதும்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். கைக்குக் கிடைத்த ஒவ்வொரு பிரஷுக்கும் ஒரு பக்கம். மெதுவாக ஒற்றிய தடம், அழுத்தி ஒற்றிய தடம், இரண்டு பக்கமும் வைப்பர் மாதிரி ஐந்து முறை இழுத்த தடம். அத்தை பிரஷ், பக்கத்து வீட்டு அக்கா பிரஷ், தோழியின் தாய்லாந்து பிரஷ் எல்லாம் சேர்த்து இதுவரை பதினேழு பக்கம். கடைக்கும் நோட்டோடுதான் போகிறேன். உறையைத் திறந்து புறங்கையில் ஒற்றிப் பார்க்க விடாத கடையில் இப்போது வாங்குவதே இல்லை.

நேற்று ஜெயித்துக் கொடுத்த பிரஷ் கிடைத்தது சீனத் தெருப் பக்கம் ஒரு சின்னக் கடையில். வெள்ளை ஆட்டு முடி, தலை 9 மில்லிமீட்டர், அழுத்தினால் 13. தடத்தின் ஓரம் மங்குகிறது. கடைக்கார அம்மா, "ஆடு" என்று பர்மிய மொழியில் ஒரே வார்த்தை சொல்லி, ஒற்றிப் பார்க்கச் சொல்லித் தாளையும் அவரே நீட்டினார். எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதியை வீட்டில் சரிபார்த்தேன். உதிர்ந்த ஒரு முடியைத் தீக்குச்சியில் காட்டினால் பொசுங்கிய முடி வாடை வந்தது, விரலில் நசுக்கினால் கரியாகத் தூளானது. இதற்கு முன்னால் வேறோர் இடத்தில் ஆட்டு முடி என்று சொல்லி, இரண்டு மடங்கு விலைக்கு என் தலையில் கட்டிய பிரஷின் முடியையும் காட்டினேன். உருகிச் சுருண்டு ஒரு கறுப்பு முத்தாக நின்றது, சுத்தமான பிளாஸ்டிக்.

செயற்கை இழை மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஆட்டு முடியின் மேற்பரப்பு செதில் செதிலாக இருப்பதால் உலர்ந்த பவுடரைப் பிடித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். செயற்கை இழை வழவழப்பு, பவுடரை ஒரே இடத்தில் கொட்டிவிடுகிறது. ஆனால் க்ரீம் ஐஷேடோவுக்கும், லேசாக நனைத்து வைக்கும் ஷிம்மருக்கும், கன்சீலருக்கும் அதுதான் சரி. ஆட்டு முடி அந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். நல்ல செயற்கை பிரஷ்களில் இழை நுனியைக் கூராக்கித் தருகிறார்கள், அவை பவுடருக்கும் நன்றாகவே உழைக்கின்றன. பல பேர் சத்தியம் செய்யும் மேக் கம்பெனியின் 217 பிரஷ் கூட முன்பு வெள்ளை ஆட்டு முடியில் வந்ததுதான், இப்போது 217எஸ் என்று செயற்கை இழையில் வருகிறது. பிராணிகளின் முடி வேண்டாம் என்பவர்கள் தாராளமாக அந்தப் பக்கம் போகலாம். தடத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

அணில் முடி இன்னும் மென்மை, ஆனால் பவுடரைக் குறைவாகத்தான் எடுக்கும், சீக்கிரம் ஒடியும். கத்தரிப்பூ போன்ற அடர்ந்த மேட்டை முதலில் வைக்க அது ஆகாது, கடைசியில் ஓரம் துடைக்க அருமை.

நுனி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஹிரோஷிமா பக்கம் குமானோ என்று ஓர் ஊர் இருக்கிறது. எழுதும் தூரிகை செய்து பழகிய ஊர், பின்னால் அதே கைதான் மேக்கப் பிரஷுக்கும் வந்தது. அங்கே கைவேலைக்காரர்கள் முடியின் நுனியைக் கத்தரிப்பதில்லை. 'கோமா' என்ற மர அச்சில் முடியை நுனி கீழாக இறக்கித் தட்டித் தட்டி, உருண்டை வடிவத்தை நுனிப் பக்கமே வரவழைக்கிறார்கள். வெட்டுவது அடிப்பக்கத்தைத்தான். அதனால் ஒவ்வொரு முடியும் பிறந்த கூர்மையோடு இருக்கும், இமையில் குத்தாது. இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து எந்தப் பிரஷைக் கண்டாலும் உதட்டின் மேல் ஒரு முறை இழுத்துப் பார்க்கிறேன். உதட்டில் அரிக்கிற பிரஷ் இமையில் எரியும். ஜப்பானில் வேலைக்குப் போயிருக்கும் பெரியப்பா மகனிடம், ஊருக்கு வரும்போது ஹகுஹோடோ கம்பெனியின் ஜே5523 பிரஷ் ஒன்று வாங்கி வாப்பா என்று சொல்லி வைத்திருக்கிறேன். விலையைக் கேட்டு அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நேற்றுப் போட்ட விதம் இது. பிரைமர் (நிறத்துக்கு அடியில் பூசும் க்ரீம்) ஈரமாக இருக்கும்போது மேட் பட்டால் பட்ட இடத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் மடிப்புக்கு மேல் மட்டும் தோல் நிறப் பவுடரை மெல்லிசாகப் பூசிக்கொண்டேன். பேலட்டில் வரும் வெளிர் பழுப்பு நம் மாநிறத்துக்குத் தெரியவே தெரியாது, சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும். ஆகவே தோலுக்கும் கத்தரிப்பூவுக்கும் நடு நிறமாகச் செங்கல் கலந்த பழுப்பு. பிறகு கத்தரிப்பூவைச் சின்னத் தட்டைப் பிரஷால் வெளிமூலையில் ஒற்றி மட்டும் வைத்தேன், இழுக்கவில்லை. அப்புறம்தான் ஆட்டு முடி பிரஷ், பவுடர் எதுவும் தொடாமல். காம்பின் கடைசி முனையில் பிடித்தேன். பூண் (முடியைக் காம்போடு பிடித்திருக்கும் உலோக வளையம்) பக்கம் பிடித்தால் விரல் பலம் முழுக்க இமைக்குப் போய்விடும். முனையில் பிடித்தால் பிரஷின் கனம் மட்டுமே போகும். நிறத்தின் நடுவை விட்டுவிட்டு ஓரத்தில் மட்டும் சின்னச் சின்ன வட்டமாகப் போனேன். அவ்வளவுதான்.

முகத்தில் தனக்கா (இங்கே எல்லோரும் பூசும் மரப்பட்டைச் சாந்து) போட்டிருந்த அன்று கண் போடாதீர்கள். கழுவினாலும் இமை மடிப்பில் அதன் மாவு கொஞ்சம் தங்கியிருக்கிறது, மேட் அந்தக் கோட்டில் போய்ப் பிடிக்கிறது. என் ஆனி மாதச் சோதனைகளில் பாதி இப்படித்தான் வீணானது.

இந்த ஊர் மழைக்கு ஆட்டு முடியைக் காப்பாற்றுவது தனி வேலை. முதல் முறை கழுவி, தலை மேலே இருக்கும்படி டம்ளரில் நிறுத்தி வைத்துவிட்டேன். தண்ணீர் பூணுக்குள் இறங்கிப் பசை இளகி, தலை ஆட ஆரம்பித்தது. நல்லவேளை, முழுக்கக் கழலவில்லை. இப்போது குழந்தை ஷாம்பூ ஒரு சொட்டு, பச்சைத் தண்ணீர், தலை கீழ்நோக்கி, பூண் நனையாமல் கழுவுகிறேன். துணியில் ஒற்றிவிட்டு, இரண்டு விரல் அகலத் தாள் துண்டை வெற்றிலைச் சுருள் மாதிரி தலையைச் சுற்றிச் சுருட்டி நூலால் கட்டுகிறேன். அதுதான் தலை பூவாக விரிந்துவிடாமல் பிடித்து வைக்கிறது. பிறகு கொடியில் கிளிப் போட்டுத் தலைகீழாகத் தொங்கல். கரண்ட் இருந்து ஃபேன் ஓடினால் ஒரு ராத்திரி, இல்லாவிட்டால் இரண்டு நாள். ஒருமுறை மென்மையாகட்டும் என்று கண்டிஷனர் போட்டேன், முடி வழுக்கிப் பவுடரையே எடுக்கவில்லை. மறுபடி இரண்டு தடவை ஷாம்பூவில் அலசிய பிறகுதான் பழைய குணம் வந்தது.

காய்ந்த பிரஷ்களை அப்பாயியின் குன்-இட்டில் வைக்கிறேன், பாகானில் செய்த வெற்றிலைப் பெட்டி. குதிரை முடி பின்னிய அரக்குப் பாத்திரங்கள் செய்யும் ஊர்ப் பெட்டிக்குள் ஆட்டு முடி இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மேல் தட்டில் கண் பிரஷ், கீழே கன்னத்துக்கானவை. நன்றாகக் காயாமல் உள்ளே வைத்தால் பூசணம் வரும் என்பதால் மூடியை ஒரு தீக்குச்சி கனத்துக்குத் திறந்தே வைக்கிறேன்.

வலது கண் இன்னும் பாக்கி. வலது கையால் வலது கண்ணின் வெளிமூலைக்குப் போகும்போது மணிக்கட்டு மடங்கி அழுத்தம் கூடுகிறது. இன்று காலைத் தடத்தை அளந்தேன், அதே பிரஷ் 15 மில்லிமீட்டர் காட்டியது. மணப்பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து போடும்போது இந்தக் கோணம் வராது என்பதால் அதை இப்போதைக்கு விட்டுவிட்டேன். கீழ் இமைக்குக் கூரான பென்சில் பிரஷ் ஒன்றும் வேண்டும். சீன எல்லையில் இருக்கும் மூசே வழிச் சரக்கு வந்ததும் சொல்கிறேன் என்று கடைக்கார அம்மா எண் வாங்கி வைத்திருக்கிறார்.

நேற்று மதியம் மணப்பெண் தங்கச்சியை உட்கார வைத்து அவள் கண்ணையும் அளந்தேன். அவளுக்கு மேல் இமை கொஞ்சம் இறங்கிய கண். கண்ணைத் திறந்தால் மடிப்புக்கு மேலே 10 மில்லிமீட்டர்தான். என் 13 மில்லிமீட்டர் பிரஷ் அவளுக்குப் பெரிது. வாட்டர்கலர் வரைய வைத்திருக்கும் உருண்டை அணில் முடித் தூரிகை தம்பி பெட்டியில் ஒன்று புதிதாகக் கிடந்தது. ஒற்றிப் பார்த்தேன். 8 மில்லிமீட்டர், ஓரம் அழகாக மங்குகிறது. கழுவித் தாள் சுற்றித் தொங்கவிட்டிருக்கிறேன். கரண்ட் இருந்தால் நாளைக்குக் காய்ந்துவிடும்.