விரலை வெட்டும் வரியும் வெட்டாத படமும்

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த நாட்டார் கதைகளில் 25ஆவது, ‘ஏழு அண்டங்காக்கைகள்’. அண்டங்காக்கைகளாகிவிட்ட ஏழு அண்ணன்களைத் தேடித் தங்கை கண்ணாடி மலைக்குப் போகிறாள். கதவைத் திறக்க விண்மீன் கொடுத்த சிறு எலும்பு வழியில் தொலைந்துவிட்டது. கத்தியை எடுக்கிறாள், சுண்டுவிரலை வெட்டுகிறாள், அதைக் கதவில் நுழைத்துத் திறக்கிறாள். ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. உள்ளே ஒரு குள்ளன் வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்கிறான், கதை நடந்துகொண்டே இருக்கிறது.

எண்ணூறு பக்க மிகுபுனைவுத் (ஃபேன்டஸி) தொடர்களில் ஊறியவர்களை இந்தக் கதைகள் பிடித்துக்கொள்வது இதனால்தான். அங்கே ஒவ்வொரு மந்திரத்துக்கும் விதி, விலை, வம்சாவளி, வரைபடம் எல்லாம் வேண்டும். இங்கே ஒரு கதவு, ஒரு விரல், அவ்வளவுதான். நாட்டார் கதை மாந்தர்களுக்கு உள்ளாழம் கிடையாது, அவர்கள் உடலுக்குக் கனமும் கிடையாது என்று சுவிஸ் ஆய்வாளர் மாக்ஸ் லூத்தி விரிவாகவே எழுதியிருக்கிறார். எழுத்து காலியாக விட்ட அந்த இடத்தில்தான் ஓவியர் வந்து உட்காருகிறார்.

அங்கே அவர் வெட்டுப்பட்ட விரலை வரைந்தால் கதை செத்துவிடும். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தொரே 1862இல், அவருக்கு முந்தைய பிரெஞ்சுக் கதையாசிரியர் பெரோவின் கதைகளுக்கு வரைந்ததைப் பாருங்கள். பெரோவின் சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் தின்பதோடு கதை முடிகிறது, காப்பாற்ற வேட்டைக்காரன் யாரும் வருவதில்லை. தொரே அந்தக் கடைசி நொடியைத் தொடவேயில்லை. பாட்டியின் தொப்பி போட்ட ஓநாயும் சிறுமியும் ஒரே படுக்கையில், அவள் அதையே பார்த்தபடி. மிச்சம் நம் தலையில் நடக்கிறது. ஆங்கில ஓவியர் ஆர்தர் ராக்கம் வேறு வழி எடுத்தார்: மனிதர்களைச் சாதுவாக விட்டு, மரத்தின் வேர்களையும் கிளைகளையும் விரல்களாக்கினார்.

நமக்கும் இது பழக்கமானதுதான். அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன், தோளில் பிணம், கையில் உருவிய வாள். வேதாளம் சொல்லும் கதை பெரும்பாலும் ஒரு நீதிப் புதிர், பயம் முழுக்க அந்த முகப்புப் படத்தில். பெரிய எழுத்து நல்லதங்காள் கதையையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். ஏழு பிள்ளைகளும் கிணற்றுக்குள் போகிற கதையை அந்தக் கரடுமுரடான அச்சுப்படங்களோடு படித்தவர்களுக்கு கிரிம் புதிதாகத் தோன்றாது.

‘இருண்ட மறுகூறல்’ என்று இப்போது விற்கும் பல தொகுப்புகள் இங்கேதான் சறுக்குகின்றன. சூனியக்காரிக்கு ஒரு சோகமான பால்யம், பக்கத்துக்குப் பக்கம் குருதி. காரணம் சொல்லச் சொல்ல பயம் குறைகிறது. இருட்டு வேண்டுமென்றால் பழைய பதிப்புக்கே போகலாம். கிரிம் தொகுப்பின் 1812 முதல் பதிப்பில் வெண்பனிச் சிறுமியை (ஸ்னோ ஒயிட்) கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். பின்னால் வந்த பதிப்புகளில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். நாம் வழக்கமாகப் படிப்பது 1857இல் வந்த ஏழாம் பதிப்பை ஒட்டியது. முதல் பதிப்பை முழுமையாக அமெரிக்க ஆய்வாளர் ஜாக் ஸைப்ஸ் ஆங்கிலத்தில் தந்தது 2014இல். அதிலுள்ள ஆண்ட்ரியா டெஷோவின் படங்கள் வெறும் நிழலுருவங்கள், அந்த எழுத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துபவை.

பெங்களூரில் சர்ச் ஸ்ட்ரீட்டிலோ அவென்யூ ரோட்டிலோ இப்படிப் படம்போட்ட கதைத் தொகுப்புகளைப் பழைய புத்தகமாக வாங்குகிறவர்கள் முதலில் முன்பக்கத்திலுள்ள படப்பட்டியலை வைத்துப் படங்களை எண்ணுங்கள். அந்தக் காலத்து வண்ணப்படங்கள் தனியாக வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சாகி, பிறகு ஒட்டப்பட்டவை. பசை காய்ந்து உதிரும், சிலர் சட்டம் போடக் கிழித்தெடுத்தும் இருப்பார்கள். ராக்கமின் 1909 கிரிம் பதிப்பில் அப்படி 40 வண்ணப்படங்கள்.

புதிய மலிவுப் பதிப்பு என்றால் கருப்பு மை எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். தொரேயின் படங்கள் மரக்கட்டையில் செதுக்கியவை, நிழல் முழுவதும் மெல்லிய கோடுகளால் ஆனது. இணையத்திலிருந்து இறக்கிய சிறு கோப்பை அச்சிட்டால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, காடு ஒரே மைக்கறையாகிவிடும். கோட்டோவியத்துக்கு 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் இருந்தால் நல்லது, 600க்குக் கீழே போகக் கூடாது. ராக்கமின் நீர்வண்ணம் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்ற பூச்சில்லாத சாதாரணத் தாளில் மை உறிஞ்சி மங்கிப்போகும். ஏற்கெனவே புள்ளியச்சாக (நுண்புள்ளிகளால் அச்சான படமாக) இருந்ததை அப்படியே ஸ்கேன் செய்து மறுபடி புள்ளியாக்கினால் துணி நெசவு போன்ற அலைகள் தெரியும். முகங்களில் பார்த்தால் உடனே பிடிபடும். இரண்டு பக்கமாக விரியும் படம், பசை பைண்டிங்கில் நடுமடிப்புக்குள் பாதி காணாமல் போகும். தையல் பைண்டிங்கா என்று முதுகின் மேல்விளிம்பைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக் உறையிட்டு மூடிய பிரதி என்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தவறில்லை.

வாங்கிய பிறகு, பெரிய அளவுப் புத்தகத்தை நிறுத்தி வைக்காமல் படுக்க வையுங்கள். நிறுத்தினால் கனமான தாள்கள் முதுகைக் கீழே இழுக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், ஆர்ட் பேப்பர் ஈரம் பட்டால் பக்கங்கள் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், பிரிக்கப் போனால் படமே உரிந்து வரும். படத்துக்கு முன்னால் உள்ள மெல்லிய காப்புத்தாள் பழுப்பேறியிருந்தால் அந்தக் கறை படத்திலும் இறங்கும். அதை எடுத்துவிட்டு அமிலமில்லாத தாள் ஒன்றை வைத்துவிடுங்கள்.