கவுண்டரில் ஒரு ஸ்டூல்

ஹெல்மெட்டின் நாடாவைக் கழற்ற முடியவில்லை. விரல்கள் விறைத்துப்போய், தாடைக்குக் கீழே இருக்கும் இரட்டை வளையம் கைக்கே அகப்படவில்லை. சரி என்று ஹெல்மெட்டோடு சாப்பாட்டுக் கடைக்குள் போய் நின்றேன்.

நெவாடாவில் யுரேகா என்கிற ஊர். அக்டோபர் கடைசி. காலை ஏழு மணிக்கு ஆஸ்டினில் கிளம்பி (டெக்சஸ் ஆஸ்டின் இல்லை, இதே சாலையில் இருக்கும் சின்ன ஊர்), 7,484 அடி உயரக் கணவாயை ஏறி இறங்கி, 70 மைல் வந்திருந்தேன். இடையில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. இந்த 50ஆம் எண் நெடுஞ்சாலையைத்தான் 1986இல் லைஃப் பத்திரிகை அமெரிக்காவிலேயே மிகத் தனிமையான சாலை என்று எழுதியது. எதிர்க்காற்றில் என் ஹிமாலயன் பைக் 60 மைல் வேகத்தைத் தொடவே திணறிக்கொண்டு வந்தது.

பரிமாறும் அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். என் கையைப் பார்த்தார். காபிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு வந்து, "கொஞ்சம் நிமிரு, கண்ணு" என்றார். அவர் சொன்னது "ஹன்", ஹனி என்பதன் சுருக்கம். எனக்கு அது கண்ணு என்றுதான் காதில் விழுந்தது. நாடாவை வளையத்திலிருந்து இரண்டே இழுப்பில் உருவி விட்டார். தன் மகனும் வண்டி ஓட்டுகிறவன்தான் என்றார், அவ்வளவுதான்.

கவுண்டரில் உட்கார்ந்தேன். தடித்த வெள்ளைக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். முதலில் சூடே தெரியவில்லை; அப்புறம் நகக்கண்ணில் ஊசி குத்துவதுபோல வலி, அதன் பிறகுதான் சூடு. அதற்குள் அரைக் கோப்பை குறைந்திருந்தது, கேட்காமலே நிரப்பிவிட்டுப் போனார். ஓரம் முறுகிய ஹாஷ் பிரவுன் (துருவி வறுத்த உருளைக்கிழங்கு), மஞ்சள் உடையாத இரண்டு முட்டை, வெண்ணெய் தடவிய டோஸ்ட்.

தனியாகப் பயணம் போகிறவனுக்கு மேசை ஒத்துவராது. எதிரே காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். டைனர் என்கிற இந்த மாதிரிச் சாப்பாட்டுக் கடையின் கவுண்டர் அப்படி இல்லை. தோளுக்குத் தோள் வரிசையாக ஸ்டூல்கள், எல்லோருடைய முகமும் அடுப்பைப் பார்த்தபடி. பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. இந்தக் கடைகளின் தொடக்கமே அப்படித்தான். 1872இல் வால்டர் ஸ்காட் என்பவர் பிராவிடன்ஸ் நகரத்தில் குதிரை வண்டி ஒன்றை நிறுத்தி, இரவு வேலை பார்க்கும் பத்திரிகை ஆட்களுக்குச் சாப்பாடு விற்றார். குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக அல்ல, ஊர் தூங்கும் நேரத்தில் ஒற்றை ஆளாகப் பசித்து வருகிறவர்களுக்காகப் போட்ட கடை.

பக்கத்து ஸ்டூல் பெரியவர் ஜன்னல் வழியாக என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் வண்டி என்று கேட்டார். சென்னைக்குப் பக்கத்தில் செய்தது, நானும் அந்தப் பக்கம்தான் என்றேன். சிரித்தார். பிறகு எங்கே போகிறேன் என்று விசாரித்தார். ஈலி, இன்னும் 77 மைல்.

"நாலு கணவாய் இருக்கு. பத்து மணிக்கு முன்னாடி கிளம்பாதே, நிழல் விழுற வளைவுல பனி உறைஞ்சு கிடக்கும்."

பிறகு தான் படித்து முடித்த செய்தித்தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். ஜாக்கெட்டுக்குள் நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொள்ளச் சொன்னார். காற்றை அது தடுத்துவிடுமாம். இளவயதில் அவரும் அப்படித்தான் ஓட்டினாராம்.

பத்தே கால் வரை உட்கார்ந்திருந்தேன். நான்கு கோப்பை காபி. பில் 14 டாலர். 20 வைத்துவிட்டு எழுந்தேன். அந்த அம்மா கதவு வரை வந்து, நாடா சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

ராபின்சன் கணவாய் உச்சியில், 7,607 அடி என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். முழங்கால் மரத்திருந்தது, கன்னம் எரிந்தது. ஜாக்கெட்டைத் திறந்தபோது செய்தித்தாள் வியர்வையில் லேசாக நமுத்து, நெஞ்சின் வளைவுக்கு வளைந்து, வெதுவெதுப்பாக இருந்தது. அப்படியே திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டேன்.