சரிவில் கட்டிய தண்ணீர்த் தொட்டி: கசிவைத் தேடி அடைத்த முறை

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால், சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில் கட்டிய பழைய தொட்டி. 12 அடி நீளம், 8 அடி அகலம், 5 அடி ஆழம். தரை கான்கிரீட், சுவர் 9 அங்குலச் செங்கல் கட்டு, மேலே தகரம். இந்த அளவில் மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால் சுமார் 225 லிட்டர் போயிற்று என்று கணக்கு. இங்கே நாளுக்கு ஓர் அங்குலத்துக்கு மேலேயே இறங்கிக்கொண்டிருந்தது. கோடையில் தண்ணீர் எவ்வளவு அருமை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தொட்டிக்குக் கீழே இருக்கும் தடுப்புச் சுவரின் வடிதுளைகள் (பின்னால் மண்ணில் ஊறும் நீர் வெளியேற விட்ட துளைகள்) மழையே இல்லாத பிப்ரவரியில் ஈரமாக இருந்தன. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்ததைப் பார்த்தவர்கள் இதைச் சும்மா விட மாட்டார்கள்.

தொட்டியில் கை வைக்கும் முன், கசிவது குழாய் இல்லை என்று உறுதி செய்துவிட வேண்டும். கேட் வால்வை மூடினால் போதும் என்று நம்பக் கூடாது, பழைய வால்வு மூடிய பிறகும் விடும். வெளியே போகும் குழாயை யூனியனில் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பில்) கழற்றி எண்ட் கேப் (முனை மூடி) போட்டோம். உள்ளே வரும் தண்ணீரையும் நிறுத்தியாயிற்று. (தரைமேல் ஓடும் குழாயாக இருந்தால் முதலில் அதன் நெடுக ஒரு நடை நடந்துவிடுங்கள். காட்டெருமை மிதித்து உடைந்த குழாய்க்காகத் தொட்டியைக் கொத்தியவர்கள் உண்டு.)

அடுத்தது வாளிச் சோதனை. வாளியில் கல்லைப் போட்டு, தொட்டிக்குள்ளேயே, விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்தி, தொட்டி மட்டத்துக்கே வாளியிலும் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் கோடு போடுங்கள். 24 மணி நேரம் கழித்து வாளியில் இறங்கியது ஆவியானது. தொட்டியில் அதற்கு மேல் இறங்கியதெல்லாம் கசிவு. தகரம் மூடிய தொட்டியில், மூடுபனி நாளில், வாளியில் ஒன்றும் இறங்காது.

கசிவின் உயரத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பொறுமை வேண்டும். ஹோஸ் போட்டு, கீழ்த்தட்டில் வைத்த இரண்டு 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகளுக்குத் தண்ணீரை இறக்கினோம். அவை நிரம்பியதும் மிச்சம் தோட்டத்துக்கு. ஓர் அடி இறக்குவது, கோடு போடுவது, ஒரு நாள் விடுவது. மட்டம் தாழத் தாழ அழுத்தம் குறையும், அதனால் கசிவின் வேகமும் தானாகக் குறையும். வேகம் குறைந்ததை வைத்து இடத்தை முடிவு செய்யக் கூடாது. எங்கே சட்டென்று மாறுகிறது, எங்கே அடியோடு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 2 அடி மட்டத்துக்குக் கீழே வேகம் பாதிக்கும் கீழே விழுந்தது. தரையிலிருந்து 6 அங்குலத்தில், வெளிப்போக்குக் குழாய்க்கு அடியில், நின்றே போயிற்று. ஆக இரண்டு இடம்.

உறுதி செய்யக் கேசரிப் பவுடர் போதும். அந்தந்த இடம் தண்ணீருக்குள் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். கெட்டியாகக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, தண்ணீர் அசையாமல் அரை மணி நேரம் விட்டபின், சந்தேக இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மெல்ல விடுங்கள். கசிவு இருந்தால் நிறம் நூல்போல் உள்ளே இழுபடும். கீழே வடிதுளையில் நிறம் வருகிறதா என்று காத்திருப்பது வீண்; மண் அதை உறிஞ்சிவிடும். குழாயைச் சுற்றி இழுத்தது. மூலையில், 2 அடி மட்டத்துக்கு மேலே ஓடிய விரிசலும் இழுத்தது. அதற்குள் சில்வர் ஓக் மரத்தின் வேர் மயிரிழையாக நுழைந்திருந்தது.

பி.வி.சி. குழாய் வழவழப்பானது, சிமெண்ட் அதைப் பிடிக்காது. மோட்டார் அதிர்வும் சேர்ந்தால் சுற்றிலும் இடைவெளி விழும். குழாயையே எடுத்துவிட்டு, நடுவில் தகடு பற்றவைத்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்த் துண்டை வைப்பதுதான் சரியான வழி. சுவர் பழசாக இருந்ததால் அவ்வளவு இடிக்கவில்லை. சுற்றி 2 அங்குல ஆழம், ஒன்றரை அங்குல அகலம் கொத்தி, குழாயை உப்புத்தாளால் தேய்த்து, சால்வெண்ட் சிமெண்ட் (பி.வி.சி. குழாய் ஒட்டும் பசை) தடவி, அதன்மேல் உலர்ந்த மணலைத் தூவி ஒரு நாள் விட்டோம். அந்தச் சொரசொரப்பு கலவைக்குப் பிடி கொடுக்கும். பிறகு சுருங்காத கிரவுட்டை (இடைவெளி நிரப்பும் சிமெண்ட் கலவை) குத்திக் குத்தி நிரப்பினோம்.

விரிசலை 'வி' வடிவில் வெட்டினால் அடைத்தது பெயர்ந்து வரும். பக்கங்கள் நேராக, முக்கால் அங்குல அகலம், ஓர் அங்குல ஆழம் வெட்டி, வேரை முழுக்கப் பிடுங்கி, கம்பி பிரஷ் போட்டுக் கழுவினோம். சுவர் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. லேடெக்ஸ் (பிடிப்புக்குச் சேர்க்கும் பால் போன்ற திரவம்) கலந்த சிமெண்ட் பாலைத் தடவி, அது காயும் முன்பே 1:3 கலவையை (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) அடைத்தோம். தரையும் சுவரும் சேரும் மூலை முழுக்க 2 அங்குலத்துக்குச் சரிவாகப் பூச்சு.

இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும் ஊரில் சிமெண்ட் இறுக நேரம் எடுக்கும். காலை 9 மணிக்கு மேல் ஆரம்பித்து 3 மணிக்குள் பூச்சை முடித்துவிட வேண்டும். 7 நாள் ஈரச் சாக்கு, இரவில் பிளாஸ்டிக் ஷீட்.

அதன்பின் குடிநீர்த் தொட்டிக்கு என்றே வரும் பவுடரும் திரவமும் கலந்த பூச்சு, உள்பக்கம் மொத்தம் சுமார் 300 சதுர அடிக்கு, ஒன்றுக்குக் குறுக்காக மற்றொன்று என இரண்டு முறை. மூலைகளில் கண்ணாடி நார் வலை. இளக்கத்துக்காகத் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள், உரிந்துவிடும். பையில் 4 மணி நேர இடைவெளி என்றிருந்தாலும் பனிமூட்டத்தில் மறுநாள்தான் அடுத்த பூச்சு.

தொட்டியைக் காலி செய்ய ஜனவரி, பிப்ரவரிதான் நல்லது. அக்டோபர், நவம்பர் மழையில் மண் ஊறியிருக்கும்போது காலித் தொட்டியின் சுவர் உள்பக்கம் தள்ளப்படும், தரையும் மேலெழும்பும்.

பூச்சு காய ஒரு வாரம் கொடுத்து, மூன்றில் ஒரு பங்காக, ஒவ்வொரு நாள் இடைவெளியில் நிரப்பினோம். முதல் இரண்டு மூன்று நாள் சிறிது இறங்கும், அது சுவர் குடிப்பது. அதன்பின் திரும்பவும் வாளிச் சோதனை. வடிதுளை ஈரம் போகச் சில வாரம் ஆகும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி கொத்த வேண்டாம். ஓவர்ஃப்ளோ குழாயை மட்டும் அன்றே மழைநீர்க் கால்வாய் வரை நீட்டிவிடுங்கள்.