‘ஆத்தர்’ என்ற ஒரே பெயரில் வந்த திருத்தங்கள்

நீரிழிவு நோயாளிகளுக்கான தமிழ்க் கையேடு ஒன்று ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. மொழிபெயர்ப்பு என்னுடையது. மருத்துவத் தகவல்களைச் சரிபார்க்க ஒரு மருத்துவர், மெய்ப்புப் பார்க்க ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எங்களுக்கிடையே ஃபைலை அனுப்பி வாங்க வெளியிடும் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. வேர்டில் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துக் காட்டும் ‘ட்ராக் சேஞ்சஸ்’ போட்டுத் திருத்துவது எல்லோருக்கும் பழக்கமானதால் முதல் சுற்று சிக்கலின்றி முடிந்தது.

இரண்டாம் சுற்று முடிந்து ஃபைல் என்னிடம் வந்தபோது, எந்தத் திருத்தத்தின் மேல் சுட்டியை வைத்தாலும் திருத்தியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆத்தர்’ (எழுதியவர்) என்று மட்டுமே இருந்தது. தேதியும் இல்லை, நேரமும் இல்லை. கையேடு முழுவதும் ஒரே நிறம். இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் இடத்தைக் காட்டுகிறேன். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. அந்த வாக்கியத்தில் ‘15 கிராம் மாவுச்சத்து’ அடிக்கப்பட்டு ‘மூன்று தேக்கரண்டி சர்க்கரை’ என்று எழுதப்பட்டிருந்தது. மருத்துவர் மாற்றியிருந்தால் அப்படியே ஏற்கலாம். எளிமைக்காகத் தமிழாசிரியர் மாற்றியிருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் ஏற்கக் கூடாது. யார் மாற்றியது என்பதைச் சொல்லும் ஒரே அடையாளம் அழிந்துபோயிருந்தது.

காரணத்தைத் தேடியபோது, ஒருங்கிணைப்பாளர் இருவரின் பிரதிகளையும் ஒரே ஃபைலாக்கி எனக்கு அனுப்புமுன், ஃபைலில் மறைந்திருக்கும் விவரங்களைத் தேடி நீக்கும் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ ஓட்டி, சொந்த விவரங்கள் என்ற பகுதிக்கு எதிரே ‘ரிமூவ் ஆல்’ கொடுத்தது தெரிந்தது. அதைக் கொடுத்துச் சேமித்தால் திருத்தங்கள் இருக்கும், திருத்தியவர்களின் பெயர்கள் போய்விடும். பெயர்களை இப்படி நீக்கும் அமைப்பை இன்ஃபோ பக்கத்தில் மாற்ற வழி உண்டு. ஆனால் அது இனி வரும் திருத்தங்களுக்குத்தான் உதவும், போன பெயர்கள் திரும்பி வருவதில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, “திருத்தம் எல்லாம் அப்படியே இருக்கிறதே, பெயர் எதற்கு? அக்செப்ட் ஆல் கொடுத்துவிடுங்கள், முடிந்துவிடும்” என்றார். நோயாளிகள் வீட்டில் வைத்துப் பின்பற்றப் போகும் ஒரு கையேட்டைப் பற்றி அப்படிச் சொன்னது இன்னும் எனக்கு ஆறவில்லை.

மருத்துவர் தாம் அனுப்பிய மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருந்தது எங்கள் நல்ல காலம். அதிலிருந்த ஃபைலில் அவருடைய திருத்தங்கள் அவர் பெயரிலேயே இருந்தன. ஆசிரியரோ, சிவப்புக் கோடுகள் கண்ணை உறுத்துகின்றன என்று ட்ராக்கிங்கை அணைத்துவிட்டு, என் மூலப் பிரதியிலேயே தம் கணினியில் திருத்தியிருந்தார். அதற்கு இரு ஃபைல்களை ஒப்பிட்டு வேறுபாடுகளைக் காட்டும் ‘கம்பேர்’ கைகொடுத்தது: மூலப் பிரதியை ஒருபுறமும் அவர் பிரதியை மறுபுறமும் கொடுத்து, வேறுபாடுகளை எந்தப் பெயரில் குறிக்க வேண்டும் என்ற கட்டத்தில் அவர் பெயரை இட்டால், திருத்தங்கள் அவர் பெயரிலேயே வெளிப்படுகின்றன. ஏற்கெனவே திருத்தக் குறிகள் உள்ள ஃபைலைக் கம்பேருக்குக் கொடுத்தால், அவை ஏற்கப்பட்டதாகவே வேர்டு எடுத்துக்கொள்ளும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். மருத்துவரின் பிரதியைச் சேர்க்கப் பயன்படுத்த வேண்டியது, திருத்தங்களை அவரவர் பெயரோடு ஒன்றுசேர்க்கும் ‘கம்பைன்’.

தமிழில் இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. ‘கொழுப்பு’ என்ற சொல் அடிக்கப்பட்டு, பக்கத்திலேயே அதே ‘கொழுப்பு’ புதிதாகச் சேர்க்கப்பட்டதாகப் பக்கத்துக்குப் பக்கம் காட்டியது. யூனிகோடில் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. ஆசிரியரின் தட்டச்சுமுறை இரண்டாவது வகை. இரு ஃபைல்களின் நகல்களிலும் ட்ராக்கிங் இல்லாத நிலையில் ரீப்ளேஸ் கொடுத்து, ஒகர ஓகாரக் குறிகளை ஒரே வகைக்குக் கொண்டுவந்து மீண்டும் கம்பேர் செய்ததும், உண்மையான திருத்தங்கள் மட்டும் மிஞ்சின. ஒப்பிடும் பட்டியலில் ஃபார்மட்டிங்கின் குறியையும் எடுத்துவிட்டால் எழுத்துரு மாற்றங்களின் இரைச்சல் இருக்காது. அன்று திரை தெளிந்ததைப் பார்த்தபோது கிடைத்த நிம்மதி கொஞ்சமல்ல.

தேக்கரண்டித் திருத்தம் ஆசிரியருடையதுதான். மருத்துவரிடம் கேட்டோம், ‘15 கிராம்’ என்ற அளவை வைத்துக்கொண்டு, தேக்கரண்டியை விளக்கமாக அடுத்த வரியில் சேர்க்கச் சொன்னார்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘நோ மார்க்கப்’ என்ற தோற்றம் திருத்தங்களை மறைக்குமே தவிர நீக்காது. நிதி வழங்குபவர்களுக்கு முதல் சுற்றுப் பிரதியை அந்தத் தோற்றத்தில் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் அடித்து நீக்கிய வரிகளும் எங்கள் கமெண்டுகளும் நிதி வழங்குபவர்களின் கணினியில் முழுதாகத் தெரிந்திருக்கின்றன. ஆகவே இம்முறை ஒவ்வொரு திருத்தத்தையும் பார்த்து ஏற்று அல்லது நீக்கி, திருத்தங்களைப் பட்டியலிடும் ரிவ்யூவிங் பேனில் எண்ணிக்கை பூஜ்யம் என்று உறுதி செய்து, பெயர்களோடு கூடிய பிரதியைத் தனியாகச் சேமித்துவிட்டு, இன்ஸ்பெக்டை அதன் நகலில் மட்டும் ஓட்டி அச்சகத்துக்கு அனுப்பினேன். அடுத்த கையேட்டுக்கு, ட்ராக்கிங்கை அணைக்க முடியாமல் பூட்டும் ‘லாக் ட்ராக்கிங்’ போட்டுத்தான் அனுப்புவேன் என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்; கோடுகள் உறுத்தினால், திருத்தம் உள்ள வரியை ஓரத்தில் மட்டும் குறித்துக் காட்டும் ‘சிம்பிள் மார்க்கப்’ தோற்றத்தில் வேலை செய்ய அவரும் ஒப்புக்கொண்டார்.