முதல் டூரிங் கார்: வேகத்தைக் கேட்காதீர்கள், ஆர்ம் கிடைக்குமா என்று கேளுங்கள்

ரேஸுக்காக 1/10 அளவு ரிமோட் கண்ட்ரோல் எலக்ட்ரிக் டூரிங் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ‘எவ்வளவு வேகம் போகும்?’ என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் உடைந்தால் மாற்று எத்தனை நாளில் கைக்கு வரும்? முதல் சில மாதம் வண்டி நடைபாதைக் கல்லிலும் அடுத்தவர் வண்டியிலும் மோதிக்கொண்டேதான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பத்து கிராம் பிளாஸ்டிக்குக்காக, கஸ்டம்ஸ் கட்டணமும் கட்டி, மூன்று வாரம் வண்டியை அலமாரியில் வைத்திருப்பது கொடுமை.

அதனால் யாரோடு ஓட்டப் போகிறீர்களோ, அவர்கள் வைத்திருக்கும் சேசிஸையே (வண்டியின் அடிச்சட்ட மாடல்) வாங்குங்கள். அவசரத்துக்குப் பக்கத்து டூல் பாக்ஸிலேயே உதிரி கிடைக்கும். ரேஸில் எந்த மோட்டார் அனுமதி என்ற விதியையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் 21.5, 17.5, 13.5 டர்ன் (கம்பிச் சுற்று) என்று பிரிப்பார்கள். டர்ன் எண் குறையக் குறைய வேகம் கூடும். புதியவருக்கு சாதாரண பிரஷ் மோட்டாரான 540 சில்வர் கேனோ 21.5-ஓ போதும். 13.5-இல் தொடங்குகிறவர் ஓட்டக் கற்பதில்லை, சுவரைத்தான் கற்கிறார்.

யாரும் துணைக்கு இல்லையென்றால் 2013-இல் வந்த, ஜப்பானிய நிறுவனமான டமியாவின் டிடி-02-வை எடுங்கள். ஷாஃப்ட் டிரைவ் (பெல்ட்டுக்குப் பதில் தண்டு சக்கரங்களைச் சுழற்றும்), நான்கு சக்கர இழுவை, கியர்கள் மூடிய பெட்டிக்குள். சென்னையில் பெரும்பாலும் பார்க்கிங் மைதானத்திலோ சிமென்ட் தரையிலோதான் ஓட்ட வேண்டியிருக்கும். அந்த மணலுக்கு இந்த மூடிய அமைப்பு பெரிய வரம். எக்ஸ்ரே எக்ஸ்4 மாதிரியான கார்பன் சேசிஸ், பெல்ட் வண்டிகள் கையாளுவதில் எங்கேயோ இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் திறந்திருக்கும் பெல்ட்டில் ஒரு சின்னக் கல் சிக்கினாலே பல் போய்விடும்.

சாதாரண டிடி-02 கிட்டில் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் புஷ் வரும். வண்டியைக் கட்டும்போதே பால் பேரிங் செட் போட்டுவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முழு வண்டியையும் மறுபடி பிரிக்க வேண்டும். மணல் புகுந்த புஷ் தேய்ந்து, சக்கரம் ஆடத் தொடங்கும். உராய்வில் இயங்கும் ஃப்ரிக்‌ஷன் ஷாக் வந்தால் எண்ணெய் நிரப்பிய ஆயில் ஷாக்காக மாற்றுவது அடுத்த வேலை. அலுமினியப் பாகங்களை வாங்கிக் குவிக்க வேண்டாம். அவை உடையாமல் வளையும். வளைந்ததை யாரும் கவனிப்பதில்லை.

ஸ்க்ரூடிரைவரில் பலர் ஏமாறுகிறார்கள். டமியா ஸ்க்ரூ பார்க்க நம்மூர் ஸ்டார் ஸ்க்ரூ போலவே இருக்கும், ஆனால் அது ஜப்பானிய ஜேஐஎஸ் வடிவம். சாதாரண ஸ்டார் டிரைவர் வழுக்கி, தலையைச் சிதைத்துவிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவை இறுகியதும் நிறுத்திவிடுங்கள். இன்னொரு கால் சுற்றில் மரை போய்விடும்.

கியர் கணக்கு எளிது. டிடி-02-வில் ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய கியர்) 70 பல், பினியன் (மோட்டார் தண்டிலுள்ள சின்ன கியர்) 22 பல், பெட்டிக்குள் இருக்கும் மற்ற கியர்களின் உள் விகிதம் 2.6. எழுபதை இருபத்திரண்டால் வகுத்து 2.6-ஆல் பெருக்கினால் 8.27. பினியனைப் பெரிதாக்கினால் இந்த எண் இறங்கும், நேர்ப்பாதையில் வேகம் ஏறும், மோட்டாரும் சுடும். மே மாத மதியத்தில் மோட்டாருக்குக் காற்றே வெந்நீர்தான். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டார் மேல் விரல் வையுங்கள். மூன்று விநாடி தாங்க முடியவில்லையா, பினியனைக் குறையுங்கள்.

மிச்சப் பணம் சார்ஜருக்கும் டயருக்கும் போகட்டும். பேட்டரி 2எஸ் (இரண்டு செல்) ஹார்ட்கேஸ் லைப்போ (லித்தியம் பாலிமர்). சார்ஜரில் லைப்போ, 2எஸ், பேலன்ஸ் (செல்களைச் சமமாக ஏற்றும் முறை) மூன்றையும் பார்த்த பிறகே ஸ்டார்ட் அழுத்துங்கள். 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர், முடியும்போது 8.40 வோல்ட். ஹாபிவிங் 1060 போன்ற ஈஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பேட்டரி வகையைச் சின்ன ஜம்பரால் தேர்ந்தெடுக்க வேண்டும். அது நிக்கல் பக்கம் இருந்தால் லைப்போ அளவுக்கு மேல் வடிந்து வீங்கிவிடும். வீங்கியதை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் வேண்டாம்.

கிட்டோடு வரும் வெள்ளை டமியா கனெக்டர் அதிகக் கரண்ட்டில் சூடேறி உருகும். அதற்குப் பதிலாகப் போட, சென்னை ரிச்சி தெருவில் எக்ஸ்டி60 கனெக்டர் ஜோடி கிடைக்கும். 60 வாட் சால்டரிங் அயர்னாவது வேண்டும். 25 வாட்டில் ஈயம் பிடித்த மாதிரி தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது. சிவப்பு வயரும் கறுப்பு வயரும் ஒரே நேரத்தில் வெறுமையாக இருக்கக் கூடாது. ஒன்றைச் சுற்றி மூடிய பிறகே அடுத்ததை வெட்டுங்கள்.

டயரை ரிம்மோடு ஃபெவிக்விக் மாதிரியான பசையால் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் முதல் வேகத் திருப்பத்திலேயே கழன்று வரும். எந்த ரப்பர் என்று அங்கே ஓட்டுபவரைக் கேளுங்கள். வேறு ஊர் டிராக்கில் வென்ற டயர் நம் தரையில் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

வண்டியின் மேல்கூடான பாடிக்கு உள்பக்கமாக, பாலிகார்பனேட்டுக்கென்றே உள்ள பெயிண்ட் அடிக்க வேண்டும். ஹார்ட்வேர் கடை ஸ்ப்ரே முதல் மோதலிலேயே செதில் செதிலாக உரியும். அடர் நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு, கடைசியில் பின்னணிக்கு வெள்ளை. ஐப்பசி மழை ஈரத்தில் அடித்தால் மங்கிப்போகும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து மொட்டை மாடிக்குப் போங்கள்.